திருநெல்வேலி லாரி ஸ்பேர்ஸ் கடைக்காரர்கள், பட்டறைக்காரர்கள் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2025–26

தலைவர், பொருளாளர் மற்றும் வந்திருக்கும் அண்ணாச்சிமார், தம்பிமார் எல்லோருக்கும் வணக்கம்.

கூட்டங்கள் மாதந்தோறும் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேராக வியாபாரத்துக்கு வருகிறேன்.

ஆண்டுத் தொடக்கமே சரியில்லை. ஏப்ரலில் கனிம நிலத்துக்குப் புது வரி வந்ததும் குவாரி, கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நம் ஊரில் டிப்பர் நின்றால் கடையும் நின்ற மாதிரிதான். கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளா போகும் மலைப்பாதையில் புளியரை எஸ் வளைவில் ஏறுகிற வண்டிக்குத்தான் கிளட்ச் பிளேட்டும், பிரேக் லைனிங்கும், ஸ்பிரிங் பட்டையும் அதிகம் போகிறது.

அப்புறம் ஜிஎஸ்டி. ஆகஸ்ட் 15 அன்று வரி குறையும் என்று பிரதமர் பேசியதுமே வாங்க வந்தவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். செப்டம்பர் 22 வரை அவசரத்துக்கு வாங்கியதைத் தவிர வியாபாரம் இல்லை. அன்றிலிருந்து லாரிக்கும், டயருக்கும், 28 சதவீதத்தில் இருந்த உதிரிபாகங்களுக்கும் 18 சதவீதம் ஆனது. அக்டோபர் 1 ஆயுத பூஜை வரை பட்டறைகளில் வண்டி விட இடமில்லை. ஆனால் பழைய சரக்குக்கு 28 கட்டிவிட்டு 18 போட்டு விற்றதில், வித்தியாசப் பணம் பலருக்கு வரிக் கணக்கிலேயே முடங்கிக் கிடக்கிறது. வரி குறைந்தது நல்லதுதான், நான் மறுக்கவில்லை.

என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. தச்சநல்லூர் பக்கம் ஒரு பத்து சக்கர வண்டி, ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இழுக்கவில்லை. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த, புகைக் கட்டுப்பாடு கூடிய பிஎஸ்-6 வண்டி. டிரைவர் டீசல் பில்டரை மாற்றியிருக்கிறார், டர்போவையும் கழற்றிப் பார்த்திருக்கிறார். நம் உறுப்பினர் ஒருவர், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைக்குறியைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, சைலன்சர் பக்கம் புகையின் நச்சைக் குறைக்க ஆட்புளூ என்ற யூரியாக் கரைசலைத் தெளிக்கிற நாசிலைக் கழற்றினார். வாய் முழுக்க உப்பு பூத்த மாதிரி வெள்ளையாக யூரியா உறைந்திருந்தது. வெந்நீரில் ஊறவைத்துக் கழுவி மாட்டி, பிழைக்குறியை அழித்தார். வண்டி கிளம்பியது. செலவான பாகம் ஒன்றும் இல்லை. தெரிந்த கைக்குத்தான் கூலி.

அந்த ஸ்கேனர் நம்மில் எத்தனை பேரிடம் இருக்கிறது? இல்லாதவர்கள் என்ன வந்ததென்றே பார்க்காமல் "கம்பெனிக்குக் கொண்டுபோங்க" என்று அனுப்பிவிடுகிறோம். போன வண்டி கிரீஸ் அடிக்கக்கூட நம்மிடம் திரும்புவதில்லை. என் கடை அலமாரியைப் பார்த்தாலும் பாதிக்கு மேல் பழைய வண்டிச் சாமான்தான். சென்சார் கேட்டு வருபவரிடம் "மதுரையிலிருந்து வரணும், நாளைக்கு வாங்க" என்று சொல்லும்போது எனக்கே வருத்தமாக இருக்கிறது.

போலிச் சாமானைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரேக் லைனிங்கை மட்டுமாவது பில் இல்லாமல் யாரும் வாங்கி விற்காதீர்கள். மலை இறக்கத்தில் லைனிங் சூடேறிப் பிடிக்காமல் போனால், வண்டிக்குள் இருப்பது நமக்குத் தெரிந்த பையன்தான்.

கடன் பாக்கி வழக்கம்போல். "அடுத்த லோடுல தாரேன் அண்ணாச்சி" என்பவரிடம் மறுக்க மனம் வருவதில்லை. டீசல், டோல்கேட், தவணை போக அவர் கையிலும் மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் பேரிங்கெல்லாம் பெட்டியோடு துருப்பிடித்துப்போன கடைக்காரர்கள் இன்னும் அந்தச் சரக்கின் கடனைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மொத்த வியாபாரிகள் அவர்களுக்கு மட்டும் கூடுதல் தவணை தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சங்கப் பணத்தில் பொதுவாக ஒரு ஸ்கேனர் வாங்கி, பட்டறைகள் முறைவைத்து எடுத்துப்போகலாம் என்று செயற்குழு தீர்மானம் கொண்டுவந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க, தச்சநல்லூர் வண்டியைச் சரிசெய்த அந்த உறுப்பினரே சம்மதித்திருக்கிறார். சாப்பாட்டுக்கு முன் இதற்கு வாக்கெடுப்பு. யாரும் எழுந்து போய்விடாதீர்கள்.