விரைவுச்சாலையை விட்டுச் சற்று இறங்குங்கள்

சிங்கப்பூரிலிருந்து மலேசியாவுக்குப் பேருந்துச் சுற்றுலா நடத்தும் தமிழ் அமைப்புகள், ஆலயத் தொண்டூழியக் குழுக்கள், மூத்தோர் மன்றங்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

அடுத்த ஜூன் விடுமுறைக்கான பயணத்திட்டத்தை அச்சுக்கு அனுப்புமுன் இந்த மடலைப் படித்துவிடுங்கள். என் வேண்டுகோள் ஒன்றுதான்: பேராக் மாநிலத்தின் பழைய ஊர்களுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

பத்துமலை, கெந்திங், பினாங்குத் தண்ணீர்மலை என்று நம் பாதை மாறுவதே இல்லை. பத்துமலைக்கும் தண்ணீர்மலைக்கும் போவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவ்வளவு தூரம் போய் முருகனைப் பார்க்காமல் திரும்ப யாருக்கு மனம் வரும்? இரண்டுக்கும் நடுவே கண்ணயர்ந்து கடந்துபோகிறோமே, அந்த ஊர்களைப் பற்றித்தான் என் வருத்தமெல்லாம். வடக்கு தெற்கு விரைவுச்சாலை 1994ல் முழுமை பெறும்வரை, வடக்கே போகிறவர்கள் பீடோர், தாப்பா, கம்பார், கோப்பேங் என்று ஒவ்வோர் ஊரின் கடைத்தெருவுக்குள்ளும் புகுந்துதான் போனார்கள். அந்தப் பழைய சாலை இன்றும் இருக்கிறது. நாம்தான் அதில் இறங்குவதில்லை.

கோப்பேங்கில் இறங்கி பத்து காஜா போகும் வழியில், வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட மாளிகை நிற்கிறது. கெல்லிஸ் காசல் என்றால் எல்லாருக்கும் தெரியும். 1915ல் ஆரம்பித்த வேலை. செங்கல்லும் ஆட்களும் இந்தியாவிலிருந்து வந்தார்கள். மலாயாவின் முதல் மின்தூக்கியை அங்கே வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1926ல் லிஸ்பனில் அவர் நிமோனியாவால் இறந்துபோக, மின்தூக்கிக்கு விட்ட இடம் வெற்றுக் கூடாகவே நின்றுவிட்டது. போகிறவர்கள் மாளிகையில் படம் எடுத்துக்கொண்டு, பேய்க்கதை கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் காட்டச் சொல்வது அங்கிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் மாரியம்மன் கோயிலை. கட்டட வேலை நடந்தபோது கொள்ளைநோய் வந்து தொழிலாளர்கள் மடிந்தார்கள். அம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று மிஞ்சியவர்கள் கேட்க, ஸ்மித்தும் கட்ட உதவினார். அதற்கு நன்றியாக அவருடைய உருவத்தையும் செய்து கோயிலின் மேலே தெய்வ உருவங்களின் வரிசையில் நிறுத்தினார்கள். கோட்டும் தொப்பியுமாக அவர் இன்னும் அங்கே நிற்கிறார். அவரைச் செய்து வைத்த கைகளுக்கு உரியவர்களின் பெயர் எங்கும் இல்லை. நம் பிள்ளைகள் அந்தச் சுவரின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கோலகங்சாரை உபுடியா பள்ளிவாசலுக்காகவே பார்க்கலாம். ஆனால் நமக்கு நெருக்கமானது அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகே வேலிக்குள் நிற்கும் ஒரு கிழட்டு ரப்பர் மரம். 1877ல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்தன. அவற்றில் 9 கன்றுகள் கோலகங்சாருக்குப் போயின. மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையைப் பின்னாளில் கண்டறிந்தவர் நம் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ரிட்லி. அந்தக் கன்றுகளின் வழிவந்த தோட்டங்களுக்காகத்தான் கப்பல் கப்பலாகத் தமிழர்கள் கொண்டுவரப்பட்டார்கள். நம்மில் எத்தனை குடும்பங்களின் கதை அந்த மரத்தடியில் தொடங்குகிறது!

இங்குள்ள மூத்தோரில் பலர் அந்தத் தோட்டங்களில் பிறந்து, பிழைப்புத் தேடித் தெற்கே வந்தவர்கள். என் அம்மாவும் அப்படித்தான். ஒருமுறை குழுவோடு பினாங்குக்குப் போகையில், கோலகங்சார் என்ற பச்சைப் பலகையைப் பார்த்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது பெயர்ப்பதிவுக்கு, ஓடியது, ஆயாக் கொட்டகையில் தம்பியை விட்டது, மரத்தில் கட்டிய மங்கு என்ற கிண்ணத்தில் பால் நிறையுமுன் மழை வந்தால் அன்றைய வேலையே போய்விடும் என்பது என்று, பக்கத்து இருக்கைப் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் பையன் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டான். கால் மணி நேரம் இறங்கிப் பார்க்கலாமா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். நேரமில்லை என்றார். ஆனால் வரும் வழியில் சாக்லேட் கடையில் ஒரு மணி நேரம் நின்றிருந்தோம்.

சுங்கை சிப்புட்டையும் தவறவிடாதீர்கள். 1948ல் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்படக் காரணமான தோட்டத்துக் கொலைகள் அந்த வட்டாரத்தில்தான் நடந்தன. மலேசிய அமைச்சராக இருந்த தமிழ்த் தலைவர் துன் சம்பந்தன் பிறந்த ஊரும் அதுவே. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கியது அவர் 1960ல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். கூலிக்குப் பால் வெட்டிய மரத்துக்குக் கூட்டாக உரிமையாளரானார்கள்! இதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்கிறார்கள்?

இரவு தங்கத் தைப்பிங் போதும். வெள்ளீயம் தோண்டிய குட்டைகளைப் பூங்காவாக்கிய ஏரி, தண்ணீரைத் தொடக் குனிந்த பெருமரங்கள், 1883ல் தொடங்கிய அருங்காட்சியகம் என்று காலைப்பொழுதே போய்விடும். பிறகு கோலா செபெத்தாங். அதன் பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1 அன்று தைப்பிங்குக்கும் அந்தத் துறைமுகத்துக்கும் இடையே ஓடியது. பாதை போட்டவர்கள் இலங்கையிலிருந்து வந்த பயனியர் என்ற தொழிலாளர் படையினர். தண்டவாளம் இன்று இல்லை. கடைகளுக்கு நடுவே நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் எழுதிய பலகை. சிங்கப்பூரின் எம்ஆர்டி ரயில் நிலையங்களில் தமிழைப் பார்த்தே வளர்ந்த நம் பிள்ளைகள், மீன்வாடை வீசும் அந்தச் சிற்றூரிலும் அதே எழுத்தைப் படிக்கட்டும். அருகிலுள்ள கரிச்சூளைகளையும் காட்டலாம். சதுப்புநில மரத்தைக் கரியாக்கும் தொழில் இன்றும் நடக்கிறது.

செலவு கூடும் என்பீர்கள். தைப்பிங்கிலும் ஈப்போவிலும் தங்குவதற்குக் கெந்திங் அளவுக்குச் செலவாகாது. கடைகளில் நிற்கும் நேரத்தைக் குறைத்தாலே பாதிப் பொழுது மிஞ்சும். முதியவர்கள் நடக்க மாட்டார்கள் என்பதும் சரியல்ல. நான் சொன்ன இடங்களில் பெரும்பாலானவை சமதளம். பத்துமலையின் 272 படிகளுக்கு அழைத்துப் போகிறவர்கள் இதற்குத் தயங்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். தோட்டத்தில் பிறந்த மூத்தோர் குழுவில் இருந்தால், பேராக்குக்குள் நுழைந்ததும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு ஒலிவாங்கியை அவர்களிடம் கொடுங்கள். அவர்கள் பிறந்த தோட்டத்தின் பெயரை முன்பதிவுப் படிவத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். பல தோட்டங்களில் இப்போது செம்பனைதான் நிற்கிறது, தொழிலாளர் வாழ்ந்த லயன் வீடுகள் இல்லை. ஆனாலும் கோயில் இருக்கலாம், தமிழ்ப்பள்ளி இருக்கலாம். முன்கூட்டியே விசாரித்து வழி தெரிந்துகொண்டால் பேருந்தை அங்கே திருப்புவது கடினமல்ல. அந்த விசாரிப்பு வேலையை ஏற்றுக்கொள்ள நான் ஆயத்தமாக இருக்கிறேன். உங்கள் செயற்குழுக் கூட்டத்துக்கு அழையுங்கள், வரைபடத்தோடு வருகிறேன்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஓர் உறுப்பினர்