பாடு என்கிற சொல்

கிராகூவ், போலந்து

அன்புள்ள மாலா,

அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு. "போதும், சரியாகிவிட்டது" என்பார்கள், கேட்காதே. இங்கே பனி உருகிவிட்டது. விஸ்துலா ஆற்றங்கரையில் மறுபடி மாலை நடை தொடங்கியிருக்கிறேன். போலிஷ் வகுப்புக்கு இது மூன்றாவது வருடம். பேசும்போது இன்னும் நாக்கு தடுக்குகிறது. ஆனால் அகராதியோடு உட்கார்ந்தால் கவிதை படித்துவிடுகிறேன்.

முதலில் எதை எடுத்திருப்பேன் என்று உனக்கே தெரியும். விடுதியில் உன் கட்டிலுக்கு மேலே கையால் எழுதி ஒட்டி வைத்திருந்தாயே, போலந்துக் கவிஞர் ஆடம் ஜகாயெவ்ஸ்கியின் 'சிதைந்த உலகத்தைப் புகழ முயன்று பார்' என்ற அந்தக் கவிதை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு நியூயார்க்கர் இதழின் கடைசிப் பக்கத்தில் வந்தது. அந்தத் துயரத்துக்காகவே எழுதியது என்று நாம் நம்பினோம். இல்லை, அதற்கு முன்பே எழுதப்பட்டது.

கிளேர் கேவனாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லையென்றால் அது நம் சுவருக்கு வந்தே இருக்காது. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் சிதைந்த உலகத்தை 'புகழ்' என்று ஆங்கிலம் சொல்லும் இடத்தில், போலிஷில் இருப்பது 'ஒப்யேவாச்'. அகராதியைப் புரட்டியதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஒருவரை, ஒன்றைக் குறித்துப் பாட்டில் வைத்துப் பாடுவது என்று பொருள். புலவர் பாரியைப் பாடினார் என்கிறோமே, அதே 'பாடு'! புகழ்ச்சியும் பாட்டும் நம் மொழியில் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன, அங்கும் அப்படித்தான். ஆங்கிலத்தில் பாட்டு உதிர்ந்துவிட்டது.

சிதைந்த உலகத்தைப் பாடச் சொல்லும் அந்த வரி நான்கு முறை வருகிறது. முதலில், பாட முயன்று பார். அப்புறம், பாடியே ஆக வேண்டும். பிறகு, பாடுவதுதான் முறை. கடைசியில் வெறும் 'பாடு'. மூன்றாவது இடத்தில் போலிஷ் வினை 'பொவின்யெனெஷ்' என்று ஆண்பாலில் நிற்கிறது. ஒரு பெண்ணிடம் சொல்வதானால் 'பொவின்னாஷ்' என்றிருக்க வேண்டும். கவிஞர் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார் என்று எனக்குப் படுகிறது. ஆங்கிலத்தில் இது தெரியவே தெரியாது. நம் 'நீ'யிலும் தெரியாது. ஆனால் அது 'நீ'தான், 'நீங்கள்' இல்லை என்பதைத் தமிழில் காட்டிவிடலாம்.

இன்னொரு இடம். ஆளில்லாத வீடுகளைச் செடி மூடுகிறதே, அது தொட்டால் அரிக்கும் செடி, நம் காஞ்சொறி மாதிரி. அந்த வீட்டுக்காரர்களை ஆங்கிலம் நாடிழந்தவர்கள் என்கிறது. மூலத்தில் 'விக்னானி', அதாவது விரட்டப்பட்டவர்கள். விரட்டிய கை ஒன்று அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஜகாயெவ்ஸ்கி 1945இல் ல்வூவ் நகரில் (இன்று அது உக்ரைனில் இருக்கிறது) பிறந்தவர். போருக்குப் பின் போலந்தின் எல்லைக்கோடு நகர்ந்தது, ஊர் சோவியத் பக்கம் போய்விட்டது. கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் ஊரை விட்டுக் கிளம்பி போலந்தின் கிளிவித்சே நகருக்கு வந்தது. அவர் அந்தச் சொல்லைச் சும்மா போட்டிருக்க மாட்டார்.

தமிழில் செய்து பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். 'சிதைந்த உலகத்தைப் பாடு' என்பதா, 'ஊனமுற்ற உலகை' என்பதா? மூலச்சொல் உடம்புக்குச் சொல்வது, கைகால் இழந்த உடம்புக்கு. உன் காதுக்கு எது சரி என்று எழுது. அம்மாவிடமும் வாசித்துக் காட்டு, எங்கே இடறுகிறது என்று அவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள்.

அன்புடன்,
வசந்தி