மோதிரம் தெரிந்த இடம்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளாமே, சந்தோஷம். எனக்குக் கண்புரை எடுத்தாகிவிட்டது. பார்வை தெளிந்ததும் நீ சொன்ன ‘கிளியோபாட்ரா’வைத்தான் போட்டேன். எகிப்து அரசி கிளியோபாட்ராவின் கதை, 1963-இல் வந்த எலிசபெத் டெய்லர் படம். நான்கு மணி நேரம் ஓடுகிறது. பிரித்துப் பிரித்துத்தான் பார்க்க முடிந்தது.

அவள் காதலன், ரோமானியத் தளபதி ஆண்டனி செத்ததோடு படத்தை முடித்திருக்கலாம் என்கிறாய். அந்தப் புலம்பல் நீளம்தான், சரி. ஆனால் எனக்குப் படம் பிடித்துப்போனதே அதற்கு அப்புறம்தான். ஆண்டனியை வென்ற ரோமானியத் தலைவன் ஆக்டேவியன் அவளைப் பார்க்க வருகிறானே, அங்கே. அவன் கையில் கிடக்கும் மோதிரம் ஜூலியஸ் சீசருக்கு அவள் பெற்ற மகன் சிசேரியனுடையது. பார்த்ததுமே பிள்ளை உயிரோடு இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிடுகிறது, காட்டிக்கொள்ளவில்லை. தன்னை மாய்த்துக்கொள்ள மாட்டேன் என்று சத்தியம் கேட்கிறான். மகன் உயிர்மேல் ஆணையிட்டுத் தருகிறாள்! பையன் செத்தது அவளுக்குத் தெரியாது என்ற நினைப்பில் அவனும் நம்பிப் போகிறான். எத்தனை பெரிய ராஜதந்திரி, இந்த இடத்தில் ஏமாறுகிறான் பார்.

இது சினிமாக்காரர்கள் கோத்தது. அந்தக் காலத்துக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியபடி, சிசேரியனைக் கொன்றது அவள் இறந்த பிறகு. சரித்திரத்தை இப்படி முன்பின்னாக்கினால் எனக்கு எரிச்சல் வரும், இதில் வரவில்லை. காதலனுக்காகச் சாகிறவளை நிறையப் பார்த்தாகிவிட்டது. இவள் இழக்க எதுவும் மிச்சமில்லாமல், எதிரியைக் கணக்குப் போட்டுத் தோற்கடித்துவிட்டுச் சாகிறாள்.

ஆண்டனிக்கும் அவளுக்கும் பிறந்த மூன்று பிள்ளைகளைப் படம் கண்டுகொள்ளவே இல்லை. அவர்களை வளர்த்தது யார் தெரியுமா? ஆண்டனி தள்ளிவைத்த மனைவி ஆக்டேவியா, ஆக்டேவியனுக்கு அக்கா. அதை வைத்தே ஒரு படம் எடுக்கலாம்.

கிளியோபாட்ராவை ரோமில் வெற்றி ஊர்வலத்தில் நடத்திக் கூட்டிப்போக ஆக்டேவியன் நினைத்தான். அது நடக்காமல் போகத்தான் பாம்பை ஒளித்துக் கொண்டுவந்த அந்த அத்திப்பழக் கூடை. கி.மு. 30, அவளுக்கு வயது 39. மறுவருட ஊர்வலத்தில், பாம்பு பற்றியிருக்கும் அவள் உருவத்தைச் செய்து தூக்கிப்போனார்கள். ஆள் கிடைக்கவில்லை, பொம்மையாவது!

‘உன் அரசி செய்தது நன்றா?’ என்று கேட்பவனுக்கு, சாகக் கிடக்கும் தோழி சொல்லும் பதில் புளூட்டார்க்கிலேயே இருக்கிறது. படம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது நல்ல காரியம்.

மோதிரக் காட்சியை மட்டும் மறுபடி பார். டெய்லரின் கண்ணைக் கவனி. பிறகும் ஆண்டனியோடு முடிந்திருக்கலாம் என்றால் எழுது, சண்டை போடலாம். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சேது