என் தம்பி வழக்கில் கூட நின்றவர்களுக்கு

ஊர்க்காரர்களுக்கும், உறவுகளுக்கும், முகம்கூடப் பார்க்காமல் உதவியவர்களுக்கும் வணக்கம்.

ஆந்திரா எல்லையில் இருக்கும் நகரியிலிருந்து எழுதுகிறேன். மாங்காய் லோடு ஏற்றிப் போன மினிலாரியைச் சோதனைச் சாவடி தாண்டி போலீஸ் சுட்டதில் என் தம்பியும் வண்டி ஓட்டிய அண்ணனும் செத்துப்போனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அரசு நம் உரிமையைப் பறித்தால் நேராக உயர் நீதிமன்றத்தில் போடும் மனுவுக்கு ரிட் மனு என்று பெயர். இரண்டு குடும்பமும் போட்ட அந்த ரிட் மனுக்களில் தீர்ப்பு வந்து, அரசு மேல்முறையீட்டுக்குப் போகாமல் நஷ்டஈட்டைக் கட்டிவிட்டது. போன மாதம் பணம் வங்கிக்கு வந்து சேர்ந்தது. தொகையை இங்கே எழுதப் போவதில்லை. ஊரில் ஏற்கெனவே மூன்று விதமான கணக்கு ஓடுகிறது, அது போதும்.

முதல் நன்றி எடைமேடைத் தம்பிக்கு. பெயர் எழுதினால் கோபித்துக்கொள்வான்.

எஃப்.ஐ.ஆரில் என் தம்பி இரண்டாம் குற்றவாளி. செத்தவன்தான், ஆனாலும் குற்றவாளி. மாங்காய்க்கு அடியில் செம்மரக்கட்டை வைத்துக் கடத்தினார்கள், நிறுத்தச் சொன்னபோது போலீஸ் மீது வண்டியை ஏற்ற வந்தார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்று எழுதியிருந்தது. இந்தப் பக்கத்தில் செம்மரம் என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் அப்புறம் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் 20 தமிழ்நாட்டுக் கூலிக்காரர்களைப் போலீஸ் சுட்டுப்போட்ட பிறகு அந்தப் பயம் இரண்டு மடங்கு. தேசிய மனித உரிமை ஆணையம் அந்தக் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் இடைக்கால நிவாரணம் கொடுக்கச் சொன்னது என்பதே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

மண்டியை விட்டுக் கிளம்பும்போது போட்ட எடைச்சீட்டின் கார்பன் நகல் அந்த எடைமேடைத் தம்பியிடம் இருந்தது. வண்டி நம்பர், காலி எடை, லோடு எடை, நேரம், எல்லாம் ஊதா மசியில். எத்தனை கிரேட் பெட்டி ஏற்றினார்கள் என்ற கணக்கு வியாபாரியின் நோட்டில் இருந்தது. ஒரு கிரேட் தோத்தாபுரி மாங்காய் என்ன எடை இருக்கும் என்று மண்டியில் சின்னப் பையன்கூடச் சொல்லுவான். பெருக்கிப் பார்த்தால் சீட்டில் இருந்த எடையோடு அப்படியே பொருந்தியது. அப்படியென்றால் கட்டையின் எடை எங்கே போனது? வக்கீலம்மா நீதிமன்றத்தில் இந்த ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். எதிர்த் தரப்பில் பதில் இல்லை. “நோட்டெல்லாம் எரிச்சிடு, உனக்கு எதுக்கு வம்பு” என்று அவனிடம் வந்து சொன்னவர்கள் உண்டு. அவன் அதைப் பாலிதீன் பையில் சுற்றி அவன் அம்மாவின் அரிசி டிரம்முக்குள் வைத்திருந்தான்.

அடுத்தது ரிட்டயர்டு தெலுங்கு வாத்தியார். எங்கள் வீட்டில் பேசுவது தமிழ். தறிக்கும் கடைக்கும் போதுமான தெலுங்கு எனக்கு வரும், ஆனால் சட்டத் தெலுங்கு வேறு சமாசாரம். வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) விசாரணையில் என் வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்து போடச் சொன்னபோது, வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக எனக்குத் தமிழில் சொன்னார். நடுவில் ஒரு வரி: “வண்டி நிற்காமல் போனதாகக் கேள்விப்பட்டேன்.” நான் அப்படிச் சொல்லவே இல்லை. அதை அடித்து, பக்கத்தில் என் இனிஷியல் வைத்த பிறகுதான் என்னைக் கையெழுத்து போடவிட்டார். அந்த ஒரு வரி நின்றிருந்தால் மொத்த வழக்கும் அதில் தொங்கியிருக்கும். “டீ ஆறிப்போச்சும்மா” என்பதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.

வக்கீலம்மாவுக்கும் அவர் குமாஸ்தா ஐயாவுக்கும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறேன், பிரித்துச் சொன்னால் சண்டை வரும். ரிட் மனு என்றால் என்ன, போலீஸ் சுட்டதற்கு அரசு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் எனக்கு விளங்கியது அவர்களால்தான். ஒடிசாவில் நீலாபதி பெஹரா என்ற தாய், போலீஸ் பிடித்துப்போன மகன் மறுநாள் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்ததைச் சொல்லி உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் போட்டார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு 1993-ல் ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். உயிர் வாழும் உரிமையை அரசின் ஆட்களே பறித்தால், ‘இது அரசின் இறையாண்மைக் காரியம், நாங்கள் பொறுப்பல்ல’ என்று அரசு நழுவ முடியாது என்று அதில்தான் தெளிவாகச் சொன்னார்கள். எங்கள் வழக்கிலும் அரசு வக்கீல் அதே நழுவலைத்தான் முதலில் முயன்றார்.

2014-ல் உச்ச நீதிமன்றம் என்கவுன்டர் சாவுகளுக்கு விதித்த 16 நெறிமுறைகளையும் எனக்குத் தமிழில் சொல்லி எழுதவைத்தவர் வக்கீலம்மா. சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷனைச் சேர்ந்த போலீஸோதான் விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம், சம்பவம் முடிந்த கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கூடாது. இதெல்லாம் காகிதத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்.

குமாஸ்தா ஐயா பஸ்ஸில் உட்கார்ந்தபடியே நஷ்டஈட்டுக் கணக்கைப் போட்டுக் காட்டினார். 2009-ல் சரளா வர்மா வழக்கில் விபத்துச் சாவுகளுக்கு வகுத்த அட்டவணையைத்தான் இதற்கும் எடுக்கிறார்கள். தம்பிக்கு 34 வயது, அதற்குப் பெருக்கல் எண் 16; வருட வருமானத்தை அந்த எண்ணால் பெருக்குவார்கள். கூலி வருமானத்தோடு எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்ட வேண்டும். அவனை நம்பியிருந்தவர்கள் நாலு பேர் என்பதால் அவன் சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழிக்க வேண்டும். தம்பியின் உயிரை இப்படிக் கூட்டிக் கழிப்பதைப் பார்க்க வயிற்றைப் பிசைந்தது, மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு இல்லாவிட்டால் யாரோ ஒரு அதிகாரி பார்த்துப் போடும் கருணைத் தொகைதான் கிடைத்திருக்கும்.

கருணைத் தொகை என்றதும் இதையும் சொல்ல வேண்டும். நடுவில் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மனுவை வாபஸ் வாங்கினால் உடனே பணம் கைக்கு வரும் என்றார். அம்மாவின் மருந்துச் செலவு, பிள்ளைகளின் ஃபீஸ் எல்லாம் கண்முன் வந்து நின்றன. அந்த வாரம்தான், எங்கள் தெருவிலிருந்து அமெரிக்காவில் கிளீவ்லாந்துக்கு வேலைக்குப் போன பையன் போனில் அந்த ஊர்க் கதையைச் சொன்னான். 2014-ல் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த டமிர் ரைஸ் என்ற 12 வயதுப் பிள்ளையைப் போலீஸ் சுட்டது. 2016-ல் வழக்கை முடித்துக்கொள்ள மாநகராட்சி 60 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்தது, ஆனால் தப்பு செய்தோம் என்று ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அந்தப் பிள்ளையை ஏற்றிப்போன ஆம்புலன்ஸுக்கு 500 டாலர் பாக்கி என்று அதே மாநகராட்சி கேட்டு, பிறகு மேயர் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அங்கே போலீஸ் மாநகராட்சியின் கீழ் இருப்பதால் நகரத்துக் கஜானாவிலிருந்து பணம் வருகிறது. நமக்கு மாநில அரசு.

லூயிவில் என்ற ஊரைப் பற்றியும் சொன்னான். வீட்டுக்குள் புகுந்த போலீஸ் சுட்டு பிரியோனா டெய்லர் என்ற பெண் செத்த வழக்கில் 2020-ல் 1 கோடியே 20 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அதோடு சோதனை வாரன்ட்டுக்கு மேலதிகாரி ஒப்புதல் வேண்டும் என்பது போன்ற மாற்றங்களையும் குடும்பம் கேட்டு வாங்கியிருக்கிறது. “பணத்தோட சேர்த்து வேற என்ன வேணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க அத்தை” என்றான்.

எனக்கு வேண்டியிருந்தது, தம்பி கடத்தல்காரன் இல்லை என்று ஒரு நீதிபதி எழுத வேண்டும் என்பதுதான். சமரசம் ஆகியிருந்தால் அதை எழுத யாரும் இல்லை. காத்திருக்கலாம் என்று முதலில் சொன்னது நான் இல்லை, ஓட்டுநர் அண்ணனின் மனைவி. எங்களைவிடக் கஷ்டம் அவளுக்கு. வண்டிக் கடன் வேறு அவள் தலையில். அவளுக்கு இந்த மடலில் நன்றி சொன்னால் ‘நாம என்ன வேத்து மனுசங்களா அக்கா’ என்று திட்டுவாள், பரவாயில்லை. வேறு குடும்பங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு வழக்கை முடித்தால் அதில் ஒரு குற்றமும் இல்லை. பசி அவரவர் வயிற்றில்.

தீர்ப்பில், உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் அரசியலமைப்பின் 21-வது பிரிவு மீறப்பட்டது என்றும், கடத்தலுக்கு ஆதாரம் இல்லை என்றும் இருக்கிறது.

வண்டியில் பின்னால் இருந்து உயிர் தப்பிய பையனுக்கும் நன்றி. கை உடைந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து, நம் வழக்கப்படி புத்தூர் கட்டுக்குப் போய்விட்டான். கை சேர்ந்துவிட்டது. ஆனால் நீதிமன்றத்தில் காட்ட ஒரு சீட்டும் இல்லை என்று வக்கீலம்மா தலையில் அடித்துக்கொண்டார். அப்படியும் கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணையில் எவ்வளவு மிரட்டியும் பேச்சை மாற்றவில்லை. உயர் நீதிமன்றம் இருக்கும் அமராவதிக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் போக ரயில் செலவு கொடுத்த தறிக்கூட முதலாளி, சம்பளத்தில் பிடிக்கவும் இல்லை, சொல்லிக்காட்டவும் இல்லை.

இன்னொருவர் காக்கிச் சட்டை போட்டவர். அன்று இரவு எந்த ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு உடலைக் கொண்டுபோனார்கள் என்று வேறு யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டுச் சொன்னார். அதனால்தான் பிரேதப் பரிசோதனைக்கு முன்பே எங்களால் போய் நிற்க முடிந்தது. குண்டு முதுகில் பாய்ந்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அவர் யார் என்று யார் கேட்டாலும் சொல்லமாட்டேன்.

“எல்லாம் முடிஞ்சதா?” என்று கேட்கிறவர்களுக்கு: முடியவில்லை. சுட்டவர்கள் மீதான குற்ற வழக்கு தனி, அது கீழ்க்கோர்ட்டில் நடக்கிறது. பிள்ளைகளின் பங்கு 18 வயதுவரை வங்கியில் டெபாசிட்டாக இருக்கும், வட்டி மட்டும் அவர்கள் அம்மா கைக்கு வரும். ஆகவே வீடு கட்டப் போகிறோமா, நகை எடுத்தோமா என்று விசாரிக்க வேண்டாம்.

தீர்ப்பு நகல், மனுவின் தமிழ் மொழிபெயர்ப்பு, வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தார் ஆபீஸில் என்னென்ன கேட்பார்கள் என்ற விவரம், எல்லாம் ஒரே ஃபைலில் வைத்திருக்கிறேன். இதே மாதிரி மாட்டிக்கொண்டு முழிக்கும் குடும்பம் எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருந்தால் அனுப்பி வையுங்கள். ஜெராக்ஸ் செலவு என்னுடையது. தறி ஓடும் நேரத்தில் வந்தால் கூப்பிடுவது காதில் விழாது, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா