ஆச்சிக்கு, பின்லாந்திலிருந்து

எஸ்போ, பின்லாந்து
ஜூலை மாதம்

அன்புள்ள ஆச்சிக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? தைலம் தேய்க்க அம்மா வந்தால் வேண்டாம் என்று விரட்டாதீர்கள்.

"அங்கே சாமி கும்பிட இடம் உண்டா?" என்று போனில் கேட்டீர்கள். நடந்து போகும் தூரத்தில் கோயில் எதுவும் இல்லை. ஆனால் காடு இருக்கிறது. இந்த நாட்டின் நிலத்தில் முக்கால்வாசி காடுதான். ஊரை ஒட்டியே நூக்சியோ என்றொரு தேசியப் பூங்கா, பஸ்ஸிலேயே போய்விடலாம். விடுமுறை நாள்களில் அங்கேதான் நடக்கிறேன்.

டிசம்பர் நடுவில் இங்கே பகல் ஆறு மணி நேரம்கூடக் கிடையாது. அந்த இருட்டில் நெற்றியில் திருநீறு இருக்கும், கை போனைத் தடவிக்கொண்டிருக்கும். சாப்பாடும் தூக்கமும் கடமைக்குத்தான். உடன் வேலை செய்யும் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வா, நடப்போம்" என்று கூட்டிப்போனார். வழி நெடுகப் பேசவே இல்லை. நம் ஊரில் அப்படி வாயை மூடிக்கொண்டு நடந்தால் யாரோடு சண்டை என்று கேட்பார்கள். இவர்களுக்கு அது மரியாதை. எனக்கும் பிடித்துப்போயிற்று.

பாபநாசநாதர் சன்னதியில் நிற்கும்போது கேட்பதற்கு என்னிடம் ஒரு பட்டியல் இருக்கும்: பரீட்சை, வேலை, விசா. இந்தக் காட்டில் கேட்க ஆள் இல்லை. சிறிது தூரம் நடந்ததும் கேட்கிற நினைப்பே போய்விடுகிறது. மூச்சும் காலும் மட்டும் ஓடுகின்றன. இதைப் பக்தி என்று சொல்லலாமா, தெரியவில்லை. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வண்டி கட்டிப் போய்க் குடில் போட்டுத் தங்கியவர் நீங்கள், நீங்களே சொல்லுங்கள்.

இப்போது இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. தரையெல்லாம் நீல நிறத்தில் சிறு பழங்கள். தின்றால் நாவல்பழம் தின்றது போல நாக்கு நீலமாகிவிடும். யாருடைய காடாக இருந்தாலும் எவரும் நடக்கலாம், பழமும் காளானும் பறித்துக்கொள்ளலாம். மரத்தை வெட்டக்கூடாது, வீட்டு முற்றத்துப் பக்கம் போகக்கூடாது, சொந்தக்காரரைக் கேட்காமல் தீ மூட்டக்கூடாது. நம் முண்டந்துறைக் காட்டில் செக்போஸ்ட்டைத் தாண்டவே அனுமதி வேண்டும். அதைக் குறை சொல்ல மாட்டேன். புலி வாழும் இடம் அது. கொசு மட்டும் இங்கேயும் அனுமதி கேட்பதில்லை.

சதுப்பு நிலத்தில் கால் புதையாமல் இருக்கப் பலகை போட்டிருக்கிறார்கள். குப்பையைக் கொண்டுபோனவரே திரும்ப எடுத்து வரவேண்டும். முதலில் அது எனக்குக் கெடுபிடியாகத் தெரிந்தது. இப்போது ஆரஞ்சுத் தோலைப் பையில் போட்டுக்கொள்ளும்போதெல்லாம் பாபநாசம் படித்துறைதான் கண்ணில் நிற்கிறது. பாவம் போக்குவதாக முங்கி எழுந்து, உடுத்தியிருந்த துணியைத் தாமிரபரணியிலேயே விட்டுவிட்டுப் போகிறார்களே, அது என்ன கணக்கு ஆச்சி? நம் பாவம் கரைகிறதோ இல்லையோ, பாலியெஸ்டர் கரையாது. பாறையிடுக்கில் சிக்கிய அந்தச் சேலைகளுக்கு நடுவேதான் மீனும் நீர்நாயும் பிழைக்க வேண்டியிருக்கிறது. குளிப்பவர்களின் காலையும் அந்தத் துணி சுற்றுகிறது.

ஆடி அமாவாசைக்குச் சித்தப்பா உங்களைக் காரையாறு கூட்டிப்போவதாகச் சொன்னார். கட்டாயம் போய்வாருங்கள். துணியை ஆற்றில் விடச்சொல்லி யாராவது வற்புறுத்தினால், பேரன் வேண்டாம் என்றான் என்று என் பெயரைச் சொல்லிவிடுங்கள்; திட்டு எனக்கே வரட்டும். ஈரத்துணிக்கு ஒரு பையை அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வழுக்குப்பாறையில் சித்தப்பாவின் கையை விடாதீர்கள்.

அடுத்த முறை வரும்போது அந்த நீலப் பழத்தைக் காயவைத்து எடுத்து வருகிறேன். கல்லிடைக்குறிச்சி அப்பளம் மட்டும் எனக்காக எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பேரன்