ஹெப்பாரின் கணக்குக்கு வேகப் புள்ளி எதற்கு? மருத்துவமனைப் பயிற்சிப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

பயிற்சிப் பிரிவினருக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் வார்டு வாசலில் ஒட்டிய தரவரிசைப் பட்டியலைப் பற்றி எழுதுகிறேன். உங்கள் பயிற்சிச் செயலியில் கேள்விகளுக்கு விடை தொட்டு நர்ஸ்கள் நாங்கள் எடுத்த புள்ளிகளின்படி பெயர்களை வரிசைப்படுத்திய பட்டியல் அது. அந்தச் செயலி ஏன் வந்தது, எத்தனை பாடம் முடிக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே.

பட்டியலில் கடைசிப் பெயர் எங்கள் இன்சார்ஜ் சிஸ்டருடையது. 22 வருட சர்வீஸ் அவருக்கு. நோயாளியின் மகன் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "இந்தக் கடைசி சிஸ்டரா எங்கப்பாவைப் பாக்குறாங்க?" என்று என்னிடம் கேட்டார். சிஸ்டர் காதிலும் விழுந்தது. ஒன்றும் பேசாமல் மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அவர் கடைசியானது கேள்வியை முழுதாகப் படித்ததால்தான். பத்து விநாடிக்குள் விடையைத் தொட்டால் இரட்டைப் புள்ளி தருகிறீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தின் அளவுக் கணக்குக்கும் அதே பத்து விநாடி! அதே 5 மில்லி குப்பியில் 5,000 யூனிட்டும் வருகிறது, 25,000 யூனிட்டும் வருகிறது. எடுக்கும்போது, ஊசியில் ஏற்றும்போது, திரும்ப வைக்கும்போது என மூன்று முறை லேபிளைப் படி, இன்னொரு சிஸ்டரிடம் காட்டு என்று படித்து வந்தவர்கள் நாங்கள். அந்தப் பழக்கத்துக்குத்தான் உங்கள் விளையாட்டில் புள்ளி குறைகிறது. முதலிடம் வந்த புது சிஸ்டர் கெட்டிக்காரர். அவரே சொன்னார்: "அக்கா, மூணாவது தடவை நான் கேள்வியே படிக்கல. விடை எந்த இடத்துல வரும்னு ஞாபகம் இருந்துச்சு."

வேகப் புள்ளியை எடுத்துவிடுங்கள். பெயர்ப் பட்டியலைச் சுவரிலிருந்து கழற்றுங்கள்.

விளையாட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் மயக்க மருந்து டாக்டர் ஒருவர், அவசர சிகிச்சைப் பொருள்கள் இருக்கும் கிராஷ் கார்ட் வண்டியில் இரண்டு பொருளை ஒளித்துவைத்து, தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பின் பல்பையும் தளர்த்திவிட்டு, "என்ன குறைன்னு கண்டுபிடிங்க" என்றார். பல்பை யாருமே பார்க்கவில்லை. தோற்றோம், சிரித்தோம். இன்றுவரை டியூட்டிக்கு வந்ததும் என் கை முதலில் அந்த பல்புக்குத்தான் போகிறது. பொம்மையை வைத்து சிபிஆர், அதாவது இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தும் முதலுதவி, போட்டியும் வைத்தார். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம். இரண்டு நிமிடத்தில் ஆள் மாற வேண்டும் என்பது ஏன் என்று அன்றைக்குத்தான் தோள்பட்டைக்குப் புரிந்தது. எல்லாம் டியூட்டி நேரத்தில் நடந்தது.

இப்போது நைட் முடித்து, பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, செயலியில் நாள் தவறாமல் விடை சொன்ன தொடர் அறுந்துவிடக் கூடாதென்று விடை தொடுகிறோம். போனும் டேட்டாவும் எங்களுடையவை. போவதும் எங்கள் தூக்கம். முப்பது படுக்கைக்கு இரவில் இரண்டே பேரை நிறுத்தும் இடத்தில், கூட ஒரு ஆள் கேட்டால் பதில் வருவதில்லை. செயலியின் பேட்ஜ் மட்டும் தவறாமல் வருகிறது. அமெரிக்காவில் அனஹைம் டிஸ்னிலாண்ட் ஓட்டல்களின் சலவைக்கூடத்தில், யார் எவ்வளவு வேகம் என்று பெயரோடு திரையில் காட்டினார்கள். தொழிலாளர்கள் அதை 'மின்னணுச் சாட்டை' என்றார்கள். 2011இல் வந்த செய்தி இது. அவர்களாவது துணி துவைத்தார்கள். எங்கள் கையில் இருப்பது ஊசி.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பட்டியல் ஒட்டுவதற்கு முன் வேகப் புள்ளியையும் பெயர் வரிசையையும் நீக்கித் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அந்த சிபிஆர் பொம்மை ஸ்டோர் ரூமில் உறைக்குள்ளேயே கிடக்கிறது. மாதம் ஒரு மணி நேரம், டியூட்டிக்குள், அதை எங்களிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஆண்கள் பொது மருத்துவ வார்டு ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர்