ஹெபடைடிஸ் ஏ வைரஸுக்கு உறை உண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு அறிவியல் பக்கத்தில், 'உறையற்ற வைரஸ்கள் செல்லை உடைத்துக்கொண்டுதான் வெளியே வரும்' என்று எழுதியிருந்தீர்கள். உறை என்பது வைரஸின் மேலே போர்த்தியிருக்கும் கொழுப்புச் சவ்வு. கட்டுரையாளரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. 31 ஆண்டுகள் நுண்ணுயிரியல் வகுப்பில் நானும் இதையேதான் கரும்பலகையில் எழுதினேன். இடப்பக்கம் உறையுள்ளவை, வலப்பக்கம் உறையற்றவை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ எப்போதும் வலப்பக்கம்.

ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, "ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும்போது ஹெபடைடிஸ் ஏ செல்லைக் கொல்வதில்லை என்றீர்களே ஐயா, பிறகு எப்படி வெளியே வருகிறது?" என்று கேட்டாள். 'கசிந்து வரும்' என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவினேன்.

விடை 2013-இல்தான் வந்தது; அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். நம் செல்கள் சவ்வாலான நுண்பைகளை ஓயாமல் வெளியே அனுப்புகின்றன. அவற்றில் எக்ஸோசோம் எனப்படுபவை சுமார் 30 முதல் 150 நானோமீட்டர் வரை இருக்கும். ஹெபடைடிஸ் ஏ வைரஸோ சுமார் 27 நானோமீட்டர்தான். பை செய்வதற்குச் செல் வைத்திருக்கும் புரதங்களையே வேலை வாங்கி, அத்தகைய பைக்குள் புகுந்து, செல்லை உடைக்காமலேயே வெளியேறிவிடுகிறது. இரத்தத்தில் சுற்றுவது இப்படிப் போர்த்திக்கொண்ட வைரஸ். கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் வழியில் பித்தநீர் அந்தப் போர்வையை உரித்துவிடுகிறது. 1973-இல் மின்னணு நுண்ணோக்கியில் இந்த வைரஸை முதலில் கண்டது நோயாளியின் மலத்தில். அங்கே அது வெறும் மேனியோடுதான் இருக்கும். கண்டவர்கள் கண்டதைத்தான் சொன்னார்கள்.

போர்வைக்குள் இருக்கும்போது, நோயெதிர்ப்புப் புரதங்களான ஆன்டிபாடிகளால் அதைத் தொட முடிவதில்லை. ஆனாலும் அவற்றை உண்டாக்கும் தடுப்பூசி வேலை செய்கிறது. அடுத்த செல்லுக்குள் போனதும் போர்வை கழல்கிறது. ஆன்டிபாடி அங்கேயும் அதை மடக்கிவிடும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள்.

இதற்காக நுண்பைகளை வைரஸின் கையாள் என்று எழுதிவிடாதீர்கள். ஹெபடைடிஸ் சி தொற்றிய செல்லின் பைகள், வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வை நோயெதிர்ப்புச் செல்களிடம் கொண்டுசேர்த்து, இன்டர்ஃபெரான் என்ற வைரஸ் எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கவும் வைக்கின்றன. தபால்காரருக்கு உறைக்குள் இருப்பது எப்படித் தெரியும்?

திருத்தம் வெளியிட்டால், படத்தில் ஹெபடைடிஸ் ஏ வைரஸை இரண்டு இடத்தில் வரையச் சொல்லுங்கள்: இரத்தக்குழாயில் போர்வையோடு ஒன்று, குடலில் போர்வையில்லாமல் ஒன்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் ஆசிரியர்